கூலியும் பங்கும்

பெங்களூரில் கோரமங்கலம், இந்திராநகர் பக்கங்களில் புதிதாய்த் தோன்றும் சிறு ஆலோசனை நிறுவனங்கள் சில, நம் பிள்ளைகளை மாதச் சம்பளமின்றி, கமிஷன் மட்டும் தருவதாய்ச் சொல்லி அமர்த்துகின்றன. வாடிக்கைக்காரர் ஒப்பமிட்டால் பங்கு. இல்லையேல் உழைப்பும் பஸ் செலவும் பிள்ளையின் தலையில்.

இராஜகிருகத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவன் புத்தர் எஜமானனின் கடமைகளை ஐந்தாய் வகுத்தருளினார். வலிமைக்கேற்ற வேலை தருதல் முதலாவது. உணவும் கூலியும் இரண்டாவது. நோயில் பராமரிப்பு மூன்றாவது. அரும்பண்டம் வந்தால் பகிர்தல் நான்காவது. உரிய காலத்தில் ஓய்வு ஐந்தாவது. கமிஷன் என்பது யாது? வந்த லாபத்தில் பங்கு. ஆகவே அது நான்காவதன் இனம். இரண்டாவதை விழுங்கிவிட்டு நான்காவதைக் காட்டுவது எவ்வறம்?

நாமும் ஆலையில் நெய்த அளவுக்கே கூலி பெற்றவர்தாம். எனினும் துணி விற்குமளவும் கூலிக்குக் காத்திருங்கள் என்று எவரும் சொன்னதில்லை!

“முதலற்றவன் எங்ஙனம் சம்பளம் தருவான்?” என்பர். அவன் பங்காளியைத் தேடட்டும்; பங்குரிமையை எழுதிக் கொடுக்கட்டும். வேலையாள் என்றழைத்து நட்டத்தைச் சுமத்தல் தகாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ்க் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துரைத்தது.

பிள்ளைகளே, சேருமுன் எழுத்தில் கேளுங்கள்: நிலையான தொகை எவ்வளவு? கமிஷன் ஒப்பமிட்ட நாளிலா, பணம் வந்த நாளிலா? விலகியபின் வரும் பணத்தில் பங்கு உண்டா?