கைமாற்றிய பேய்

சுமார் 15,000 டாலரில் எடுக்கப்பட்ட ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யின் இரண்டாம் பாகம் 2010இல், ஏறக்குறைய 30 லட்சம் டாலரில் வந்தது. ஹாலிவுட் கணக்கில் அதுவும் சில்லறைதான். வீட்டில் பொருத்திய கண்காணிப்புக் கேமராக்களின் அசையாத காட்சிகளை நம்பி நிற்கும் படம். பட்டப்பகலில் சமையலறை அலமாரிகள் அத்தனையும் ஒருசேரத் திறந்துகொள்ளும் கணம் இன்றும் என்னை உலுக்குகிறது. முன்னோர் செய்த ஒப்பந்தம், முதல் ஆண்பிள்ளை என்று காரணம் சொல்லத் தொடங்கியதும் பயம் வடிந்துவிடுகிறது.

என்னை விடாமல் பிடித்திருப்பது வேறொன்று. மனைவியைப் பிடித்த பேயை டேனியல் அழிக்கவில்லை. அவளுடைய சகோதரி கேட்டிமேல் ஏற்றிவிடுகிறான். கேட்டியிடம் யாரும் கேட்கவில்லை. அவனுடைய முதல் தாரத்து மகள் அது நியாயமில்லை என்கிறாள், எடுபடவில்லை. வழிகாட்டியவள் பணிப்பெண் மார்ட்டீன். அவளுடைய நம்பிக்கையைச் சகியாமல் வேலையைவிட்டு அனுப்பியவனே ஆபத்தில் அவளைத் தேடுகிறான். புலம்பெயர்ந்த நமக்கு இந்த மரியாதை புதிதல்ல.

தன் குடும்பத்தைக் காக்க இன்னொருவரைப் பலிகொடுக்கலாமா? பெற்றோராக நின்று யோசித்தால் உடனே பதில் வராது. ஆனால் தீங்கைத் தடுப்பது வேறு, இடம் மாற்றுவது வேறு. தன்னையே கொடுத்திருந்தால் அது தியாகம். டேனியல் கொடுத்தது அடுத்தவரை.

படத்தின் பெரிய பலவீனம் முடிவில் இருக்கிறது. பேயேறிய கேட்டி வந்து டேனியலைக் கொல்கிறாள். செய்த வினைக்குக் கூலி கிடைத்ததென்று நாமும் எழுந்து போய்விடுகிறோம். அவள் வராமலே இருந்திருந்தால்? குழந்தை சுகமாக வளர்ந்திருக்கும். அப்போதும் அது தவறுதான் என்று சொல்ல, தண்டனையைத் தவிர வேறு காரணம் வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கேட்டியின் உயிர் டேனியல் எடுத்துக்கொடுக்கக்கூடிய பொருள் அல்ல.