சோடாபுட்டியை மாட்டு, நிமிர்ந்து உட்கார்

உன்னை யாராவது மக்கு என்று சொன்னார்களா, தம்பி? மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் காலை டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற உன்னைத்தான் கேட்கிறேன். கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கிய தாளை நாலாக மடித்துப் பைக்குள் ஒளித்துவிட்டு, "நமக்குப் படிப்பு ஏறாது" என்று நீயே முடிவுகட்டிவிட்டாயா? அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடு. உன் மூளைக்குத் தீர்ப்பு எழுதும் முன்பு உன் கண்ணை யாராவது சோதித்தார்களா? அதைச் சொல் முதலில்.

எனக்கும் அந்தப் பெயர் இருந்தது. ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிய 3-க்கும் 8-க்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் இருந்தவனின் நோட்டைப் பார்த்து எழுதுவேன். அவன் தப்பாக எழுதினால் நானும் தப்பு. "போர்டைப் பார்க்காம அவன் நோட்டுல என்னடா பார்வை?" என்று என் காதைத் திருகினார்கள். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்க முடியாமல், வண்டியின் நிறத்தை வைத்தே அது எந்த ஊர் வண்டி என்று கண்டுபிடித்தேன். இதில் கொடுமை என்ன தெரியுமா? எனக்குப் பார்வை குறைவு என்பது எனக்கே தெரியாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பள்ளியில் கண் முகாம் நடந்தது. மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் வட்டக் கண்ணாடியைச் செருகினார்கள். எதிர்ச் சுவரில் கடைசி வரிசை எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷம் வாங்கிய அடிக்கெல்லாம் காரணம் இவ்வளவுதானா?

இவ்வளவுதான். கிட்டப்பார்வை உள்ளவனுக்குக் கண்விழி சற்று நீண்டிருக்கும். தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்பே விழுந்துவிடும். கையில் இருக்கும் புத்தகம் தெளிவாகத் தெரியும் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தப் பிம்பத்தைப் பின்னால் தள்ளிச் சரியான இடத்தில் விழவைக்க ஒரு மைனஸ் கண்ணாடி போதும். சீனாவின் கான்சு, ஷான்சி மாகாணங்களில் 252 தொடக்கப் பள்ளிகளில், கண்ணாடி தேவைப்பட்ட 3,177 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2014-இல் அதன் முடிவு வெளிவந்தது. இலவசமாகக் கண்ணாடி கிடைத்த பள்ளிகளின் பிள்ளைகள் அந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே கணக்கில் மேலே வந்துவிட்டார்கள். வாத்தியாரும் பாடமும் மாறவில்லை. கண்ணாடி மட்டும்தான் வந்தது!

ஆனால் அதே ஆய்வில் என்னைத் தூங்கவிடாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. கையில் இலவசமாகக் கொடுத்தும், ஆய்வின் முடிவில் அதைப் போட்டிருந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. புணேயைச் சுற்றிய கிராமங்களில் பார்த்தபோதும், கண்ணாடி வாங்கிய பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர்கூட அணியவில்லை. தொலைந்தது, உடைந்தது, மறந்தது என்ற பல காரணங்களுக்கு நடுவே ஒரு காரணம் முள்ளாகக் குத்துகிறது: கேலி. சோடாபுட்டி, நாலு கண்ணு என்று நம் பள்ளிகளில் வைக்கிற பெயர்கள்! ஒரு சொல்லுக்குப் பயந்து கண்ணையே கழற்றிப் பெட்டிக்குள் வைக்கிறாயா? "கண்ணாடி போட்ட பொம்பளப்பிள்ளைக்கு மாப்பிள்ளை அமையாது" என்று சொல்லும் அத்தைக்காக நீ மங்கலான உலகத்தில் வாழப்போகிறாயா, தங்கச்சி? கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று பயமுறுத்துகிறார்களா? மலேசியாவில் சோதித்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில், வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாக ஏறியிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்பவர்களை நம்பி உன் கண்ணை அடகு வைக்காதே.

குறையை மறைப்பதா வீரம்? நம் மதுரையில் வாழ்ந்த ஒருவரைப் பார். எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. பேப்பரும் பென்சிலும் இல்லாத பள்ளியில் ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. பிரசவ மருத்துவராக வேண்டும் என்பது அவர் கனவு. முடக்குவாதம் வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. எழுந்தபோது விரல்கள் கோணிக்கொண்டிருந்தன. ராணுவ மருத்துவப் பணி போயிற்று, பிரசவ மருத்துவக் கனவும் போயிற்று.

அந்தக் கோணல் விரல்களைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு அவர் வீட்டில் உட்காரவில்லை. கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களுக்குத் தகுந்த மாதிரி கருவிகளைச் செய்துகொண்டார். கத்தியைப் பிடிக்க மறுபடி பழகினார். மாணவர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் எல்லோரும் பார்க்க, அதே விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அண்ணா நகர் பக்கம் போனால் அந்த 11 படுக்கைகள் எதுவாக வளர்ந்து நிற்கின்றன என்று நீயே பார்க்கலாம். அவர் தன் விரலுக்கு ஏற்ற கருவியைத் தேடிக்கொண்டார். உன் கண்ணுக்கு ஏற்ற கருவி மூக்கில் மாட்டுகிற அளவுதான்!

கண்ணுக்குச் சொன்னது வயிற்றுக்கும் ரத்தத்துக்கும் பொருந்தும். 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையின் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பிறந்தது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் பரவியது. பள்ளிச் சாப்பாட்டைச் சாப்பிடுவது கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுத் தட்டை நீட்டு. ஐந்தாண்டு வரை மதிய உணவு சாப்பிட்ட இந்தியப் பிள்ளைகள், ஓராண்டுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட வாசிப்பில் 18 சதவீதம் அதிக மதிப்பெண் எடுத்ததை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. தங்கச்சி, வகுப்பில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக வீசுகிறாயே, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. படிக்க உட்கார்ந்தால் கண்ணைக் கட்டுகிறதே, அதைச் சோம்பேறித்தனம் என்று நீயே உன்னைத் திட்டிக்கொள்ளாதே. ரத்தத்தைச் சோதித்துப் பார்.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டு பீரியடைப் பறித்துக் கணக்கு நடத்தும் பள்ளியைப் பாராட்டாதீர்கள். சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைப் பள்ளி நாளில் வெறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்க வைத்தார்கள். மூன்று ஆண்டில் அவர்களில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம். அந்த 40 நிமிடம் கிடைக்காதவர்களில் 39.5 சதவீதம். வெளிச்சத்துக்கா நம் மண்ணில் பஞ்சம்? உச்சிவெயிலைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் பிள்ளைகளைத் தெருவில் விடுங்கள். கடன் வாங்கி டியூஷன் சேர்க்கும் முன்பு ஒருமுறை கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

தம்பி, இன்று ராத்திரியே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவர் காலண்டரைப் பார். பிறகு மறுகண்ணைப் பொத்திக்கொண்டு பார். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தாலும் விடாதே. சின்ன வயதில் சரிசெய்யாவிட்டால் அந்தக் கண் சோம்பிப் போய்விடும். அரசுப் பள்ளியிலேயே பரிசோதித்து இலவசக் கண்ணாடி தருகிறார்கள். கோரிப்பாளையம் பக்கம் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. முகாம்கள் நடக்கின்றன. நீ கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நாளைக் காலை முதல் மணி அடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நில். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். தலையைக் குனியாமல் சத்தமாகச் சொல்: "டீச்சர், எனக்குப் போர்டு தெரியலை."