வேலியோரத்து மரமும் வியாபாரியின் தராசும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாம் ஆலிமல்ல. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு கல்வி நமக்கில்லை. மூவாரில் மளிகைக் கடை வைத்துப் பிழைக்கிறோம். ஆயினும், நம் வீட்டுக் கொல்லையில் நடந்த ஒரு காரியம் நமக்குப் புகட்டிய பாடத்தை நம்மைப் போன்ற வியாபாரிகளுக்குச் சொல்லாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியதால் இதை எழுதத் துணிந்தோம்.

நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே, எல்லையோரத்தில், மூன்று மரங்கள் நின்றன. இரண்டு ரம்புத்தான், ஒரு முருங்கை. மூன்றும் மர்ஹூம் நம் அத்தா அவர்கள் தம் கையால் வைத்தவை. அடுத்த வீட்டுக்காரர் வயது முதிர்ந்த சீனர். முப்பது வருஷப் பழக்கம். நம் கடையில்தான் சாமான் வாங்குவார். சென்ற வருஷம் அவர் மதில் கட்ட ஆள் விட்டார். அஸ்திவாரம் தோண்ட வந்த இயந்திரம் ஒரு ரம்புத்தானை வேரோடு சாய்த்தது. மற்றொன்றைப் பாதியாகப் பிளந்தது. முருங்கையை முறித்துப் போட்டது. லுஹருக்கு வீடு வந்த நாம், அத்தா வைத்த மரம் தரையில் கிடப்பதைக் கண்டு நிதானம் இழந்தோம். தெருவில் போவோர் நின்று கேட்கும்படி ஏசினோம். அவரும் விடவில்லை. உங்கள் மரத்துச் சருகு விழுந்து என் கூரைத் தண்ணீர்க்கால் அடைக்கிறது, கிளையை வெட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன், நாளை நாளை என்று கடத்தினீர்கள் என்று அவர் மலாயில் சொன்னார். அது மெய். ஆனால் அன்று அது நம் காதில் ஏறவில்லை.

அதன்பின் பேச்சு நின்றது. அவர் கடைக்கு வருவதும் நின்றது. பிராது கொடுங்கள் என்றார் ஒரு நண்பர். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, அவர் கொல்லையில் நிற்கும் பம்பளிமாஸ் மரத்தடியில் உப்பைக் கொட்டுங்கள், தானாகப் பட்டுப்போகும் என்றார். வெட்கத்தோடு சொல்லுகிறோம்: அந்த யோசனை நமக்குப் பிடித்திருந்தது. ஓர் இரவு கடை அடைத்த பிறகு, நாலு கிலோ உப்பைத் தராசில் வைத்தோம். சொந்த உபயோகத்துக்கு எடுத்தாலும் நிறுத்துக் கணக்கில் எழுதுவது அத்தா பழக்கிய பழக்கம்.

தராசைப் பார்த்தபோதுதான் சிறு வயதில் மனனம் செய்த சூரத்துல் முதஃப்பிஃபீன் நினைவுக்கு வந்தது. தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவருக்குக் கேடு உண்டு என்று அல்லாஹு தஆலா அதில் எச்சரிக்கிறான். அரிசியிலும் பருப்பிலும் நாம் யாரையும் ஏமாற்றியதில்லை. ஆனால் நம் மரத்தின் நஷ்டத்தை முழு எடையாக நிறுத்தோம். அவர் கூரையின் நஷ்டத்தை நிறுக்கவே இல்லை. அதுவும் எடைக் குறைவுதானே? உப்பைத் திரும்ப மூட்டையில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

சகோதரர்களே! தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கால் பதில் செய்வதும் கூடாது என்பது நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வகுத்த முறை. உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்ட நூலில் இது 19ஆம் விதி. ஒரு தீங்கை அதேபோன்ற தீங்கால் நீக்கலாகாது என்பது 25ஆம் விதி. மரக்கிளை அயலார் வீட்டுக்குள் நீண்டால் அதை இழுத்துக் கட்டவோ வெட்டவோ அவர் கோரலாம். ஆனால் நிழல் தம் பயிரைக் கெடுக்கிறது என்று சொல்லி மரத்தையே வெட்டும்படி கேட்க முடியாது என்று 1196ஆம் விதி சொல்லுகிறது. அந்த நூலை 1913ல் மலாயில் பெயர்த்து ஏற்றுக்கொண்டது நாம் வாழும் இந்த ஜோகூர்தான். இன்று நில வழக்குகள் சிவில் கோர்ட்டில்தான் நடக்கின்றன என்றாலும், அந்த நியாயம் பழசாகிவிடவில்லை. கிளையை வெட்டும்படி கேட்க அவருக்கு ஹக் இருந்தது. மரத்தைச் சாய்க்க ஹக் இல்லை. நாம் இழந்ததைக் கேட்க நமக்கு ஹக் இருந்தது. பம்பளிமாஸைக் கொல்ல ஹக் இல்லை.

மறுநாள் நாமே அவர் வாசலுக்குப் போனோம். முதலில் கிளை விஷயத்தில் நம் குற்றத்தை ஒப்புக்கொண்டோம். அதைக் கேட்டதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லை எதுவென்று இருவருக்குமே நிச்சயமில்லாததால், செலவைப் பாதி பாதி ஏற்று லைசென்ஸ் பெற்ற சர்வேயரை அழைத்தோம். மண்ணுக்குள் புதைந்திருந்த எல்லைக்கல்லை அவர் கண்டுபிடித்துக் கயிறு பிடித்தார். சாய்ந்த ரம்புத்தானும் முருங்கையும் நம் பக்கம். பிளந்த ரம்புத்தானோ ஒன்றரை அடி தள்ளி, அவருடைய நிலத்தில்!

நமக்குக் கால் நடுங்கிற்று. அநியாயமாக ஒரு சாண் நிலம் எடுத்தவன் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்ற ஹதீஸை அறியாதார் யார்? தெரியாமல் செய்ததுதான். ஆனால் தெரிந்த பின்னும் மௌனமாக இருந்தால் அதற்குப் பெயர் வேறு. இத்தனை வருஷம் அந்த மரத்தில் பறித்த பழத்தை ஹலால் செய்து தரும்படி அவரிடம் கேட்டோம். எங்கள் பிள்ளைகளும்தானே அதைத் தின்றார்கள் என்று அவர் கையை அசைத்துவிட்டார். சாய்ந்த மரங்களுக்குப் பணம் தர வந்தார். நாம் இரண்டு ஒட்டுக்கன்றுகள் மட்டும் கேட்டு வாங்கி, எல்லையிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி வைத்தோம். அவை காய்க்கச் சில வருஷங்களாகும். அத்தா வைத்த மரம் திரும்பி வராது. அந்தத் துக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் அயலார் திரும்பி வந்துவிட்டார்.

மதீனாவிலும் ஒரு மதிலுக்காக மரத் தகராறு வந்ததுண்டு. ஒருவர் தம் தோட்டத்துக்குச் சுவர் எழுப்ப, இன்னொருவருடைய பேரீச்ச மரம் வழியில் நின்றது. சுவர்க்கத்தில் ஒரு மரத்துக்குப் பகரமாக அதைக் கொடுத்துவிடும்படி நாயகமவர்கள் கேட்டார்கள். உடையவர் மறுத்தார். அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்போது அபுத்தஹ்தாஹ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் தம் தோட்டம் முழுவதையும் கொடுத்து அந்த ஒற்றை மரத்தை வாங்கி நாயகமவர்களிடம் ஒப்படைத்தார்கள். வீட்டுக்கு வந்து மனைவியைத் தோட்டத்தைவிட்டு வெளியேறச் சொன்னபோது, அந்த அம்மையார் இதை இலாபமான வியாபாரம் என்றார்களாம். முஸ்னத் அஹ்மதில் வரும் ரிவாயத்து இது. வியாபாரிகளாகிய நாம் இந்த இலாபத்தை எந்தப் பேரேட்டில் எழுதுகிறோம்?

அவர் வேறு மதத்தவராயிற்றே என்று சிலர் கேட்கலாம். ஆடு அறுத்த வீட்டில், யூத அயலாருக்கு இறைச்சி கொடுத்தீர்களா என்று விசாரித்த சஹாபி அப்துல்லாஹ் இப்னு அம்ர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள். அயலார் ஹக்கு வாசலைப் பார்த்து வருவது; மதத்தைப் பார்த்து வருவதல்ல.

ஆகவே சகோதரர்களே, உங்கள் வேலியில் தகராறு வந்தால் வக்கீல் நோட்டீசுக்கு முன்பு உங்கள் கால் அவர் வாசலுக்குப் போகட்டும். அவருடைய குறையை முதலில் கேளுங்கள். எல்லைக்கல்லைப் பார்க்கும் முன் சத்தியம் செய்யாதீர்கள். சமாதானத்துக்கு வழியே இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போவது குற்றமல்ல. ஆனால் இரவில் உப்பு மூட்டையைத் தூக்காதீர்கள்.

வல்ல அல்லாஹு தஆலா நம் கடைத் தராசையும் கல்புத் தராசையும் நேராக நிறுத்துவானாக! ஆமீன்.