காலிக் கட்டிலும் செவிலியர் கடமையும்

மருத்துவமனையில் கட்டில்கள் காலியாக உள்ளன என்று கேட்டால் நாம் மகிழவேண்டும். நோயாளர் குறைந்தனர் என்பதன்றி அதற்கு வேறு பொருள் யாது? ஆயினும் அமெரிக்க நாட்டுச் செவிலியர் பலருக்கு அச்செய்தி கவலையையே தருகின்றது. அங்கே அவர்களுள் பெரும்பாலோர் மணிக்கணக்கில் ஊதியம் பெறுவோர். ஒரு பிரிவில் நோயாளர் எண்ணிக்கை இறங்கினால், மிகுதியான செவிலியரை வேறு பிரிவுக்கு அனுப்புவர்; அங்கும் தேவையில்லையெனில் வீட்டிற்கே அனுப்பிவிடுவதும் உண்டு. அன்றைய ஊதியம் போகும். அல்லது சேர்த்து வைத்த விடுப்பு கழியும்.

மிகுந்த கையை வேண்டிய இடத்திற்கு அனுப்புவதில் தவறென்ன எனலாம். ஆனால் செவிலியர் எல்லாரும் ஓர் அச்சில் வார்த்தவர் அல்லர். பிறந்த குழவிகளைப் பேணுபவர், எடைக்கேற்ப மிகச் சிறிய அளவில் மருந்தளந்து பழகியவர். அவரை ஓரிரவு திடீரென இதயநோய்ப் பிரிவில் நிறுத்தினால், அங்குள்ள கருவிகளின் எந்த ஒலிக்கு ஓடவேண்டும் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? தமிழாசிரியையாக இருந்த நாம் ஒருமுறை கணக்கு வகுப்பிற்கு அனுப்பப்பட்டோம். பிழையான விடைக்கும் சரியென்று குறியிட்டோம். மறுநாள் கணக்காசிரியர் திருத்தினார். கரும்பலகைப் பிழையை அழித்துவிடலாம். உடலில் ஏற்றிய மருந்தை அழிக்க இயலுமோ?

கலிபோர்னியா மாநிலம் 1999இல் இயற்றிய சட்டத்தின் வழி, 2004 முதல், தீவிர சிகிச்சைப் பிரிவில் 2 நோயாளருக்கு ஒரு செவிலியர் இருத்தல் வேண்டும். எண்ணிக்கையோடு நில்லாமல், ஒரு பிரிவின் பணிமுறையைக் கற்று, உரிய திறனை மெய்ப்பித்த பின்னரே ஒருவரை அங்கு அமர்த்தலாம் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. நமக்கு இப்பகுதியே பெரிதாகப் படுகின்றது. அறியாத பணியை அறியேன் என மறுப்பது சோம்பல் அன்று. அதற்காகக் கைகட்டி நிற்பதும் முறையாகாது. உடல் துடைத்தல், உணவூட்டல், காய்ச்சல் பார்த்தல் என அறிந்தவற்றைச் செய்து, மருந்துப் பொறுப்பை அப்பிரிவினரிடமே விடலாம்.

நம் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. கட்டில் நிரம்பினால்தான் தன் வீட்டு அடுப்பு எரியும் என்னும் நிலையில் ஒருவரை வைத்தால், பிறர் நோயுறுவதை அவர் விரும்பாவிடினும், நோயாளர் வந்தனர் என்றதும் அவர் மனம் ஆறுதல் கொள்ளுமன்றோ? மனத்தால் நினைக்கும் தீங்கையும் தீங்கென்றே கேட்டு வளர்ந்த நமக்கு இது சிறிய செய்தியன்று. குற்றம் அவருடையது அன்று. அவரை அங்கு நிறுத்திய ஏற்பாட்டினுடையது. தீயணைப்பு நிலையத்தில் தீ இல்லாத நாளுக்கு ஊதியம் பிடிப்பதில்லை. காத்திருத்தலும் அவர்தம் பணியே.

2020 ஏப்ரலில், கொரோனாவால் அறுவைச் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டபோது, அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அதே நாட்களில் நியூயார்க் நகரின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் செவிலியர் போதாமல் தவித்தன!

மருத்துவமனையும் வரவுசெலவு பார்த்தே ஆகவேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இழப்பு முழுவதையும் அன்று பணிமுறையில் இருந்தவர் தலையிலேயே கட்டுவதேன்? நோயாளர் குறைந்த நாளில் அவரை அடுத்த பிரிவில் ஒருவருக்கு உடன்நின்று கற்கச் செய்யலாம். பின்னொரு நாள் அங்கு அனுப்பப்படும்போது அயலாராகச் செல்லமாட்டார். புதிதாகச் சேர்ந்தவரையே ஒவ்வொரு முறையும் தள்ளிவிடாமல், பெயர்ப்பட்டியல் வைத்து முறைமாற்றி அனுப்பும் வழக்கமும் பல மருத்துவமனைகளில் உண்டு.