வடத்தில் தொங்கும் நிமிடங்கள்

கொலராடோவில் பிரெக்கன்ரிட்ஜ் என்றொரு மலையூர் இருக்கிறது. வடத்தில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மலையேற்றுவது சேர்லிஃப்ட். உலகின் முதல் அதிவேக நான்கு இருக்கை சேர்லிஃப்ட் 1981-ல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. குவிக்சில்வர் என்று பெயர். கட்டியது ஆஸ்திரியாவின் டாப்பல்மேயர் நிறுவனம். அதே பெயரில் இப்போது ஆறு பேர் உட்காரும் லிஃப்ட் ஓடுகிறது. பனிச்சறுக்கு மலைகளில் லிஃப்டுகளை ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் முதலில் கேட்பது வேகத்தை. எனக்குள் ஓடும் கேள்வி வேறு. மிச்சமாகிற நிமிடங்கள் எங்கே போகின்றன?

*

பழைய வகை லிஃப்டில் நாற்காலி எஃகு வடத்தைக் கடித்தபடியே இருக்கும்; ஒருபோதும் விடாது. ஆகவே வடத்தின் வேகம்தான் நாற்காலியின் வேகம். அது முழங்காலின் பின்புறத்தில் வந்து இடிக்கும்போது மனிதன் விழாமல் உட்கார வேண்டும். அதனால் அவ்வகை லிஃப்ட் விநாடிக்கு இரண்டரை மீட்டரைத் தாண்டுவது அரிது.

வேக லிஃப்ட் இந்தத் தடையை விட்டுப் பிடிப்பதன் மூலம் கடக்கிறது. நிலையத்துக்குள் நுழைந்ததும் ஒரு தண்டவாளம் பிடியின் நெம்புகோலை அழுத்துகிறது, வில்விசை திறக்கிறது, நாற்காலி வடத்தைக் கைவிடுகிறது. மேலே வரிசையாக இருக்கும் ரப்பர் சக்கரங்கள் அதை நடை வேகத்துக்குக் கொண்டுவருகின்றன. நாம் நிதானமாக உட்காருகிறோம். பிறகு அதே போன்ற சக்கரங்கள் அதைத் தள்ளித் தள்ளி வடத்தின் வேகத்துக்கு ஏற்றுகின்றன. பிடி மறுபடி கடிக்கிறது. வெளியே விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். வடம் ஒரு கணம்கூட நிற்பதில்லை.

முதுகு நாற்காலியின் பின்பலகையில் மெல்ல அழுந்தும் அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்காக நான் பேச்சை நிறுத்திக்கொள்வேன். பிடி கடிக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். அந்த ஒரு கடியை நம்பித்தான் அத்தனை பேரும் அந்தரத்தில் போகிறோம்.

*

இந்த இயந்திரத்தின் மூலம் வாழைத்தார். ஐடஹோவில் சன் வேலி என்ற இடத்தில் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் 1936-ல் ஒரு பனிச்சறுக்கு விடுதியைத் திறந்தது. அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கரன், கொக்கிகளில் வாழைத்தார்களைத் தொங்கவிட்டுக் கப்பலில் ஏற்றும் அமைப்பை அறிந்தவர். கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியை வைத்தார். ஓடுகிற நாற்காலியில் மனிதன் எவ்வளவு வேகம்வரை உட்கார முடியும் என்று பார்க்க, ஒமஹாவில் ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, காலில் உருளைச் சக்கரம் மாட்டிய ஆளை அதில் ஏற்றிப் பார்த்தார்கள். அன்று அவர்கள் கண்ட வேகத்துக்கும் இன்றைய மெதுவான லிஃப்டின் வேகத்துக்கும் பெரிய தூரமில்லை. மனிதனின் முழங்கால் மாறவில்லை.

*

ஒரு கணக்கு. வரிசையில் நிற்கும்போதெல்லாம் இதைப் போட்டுப் பார்ப்பேன்.

லிஃப்டின் நீளம் 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு விநாடிக்கு ஒரு நாற்காலி, ஒவ்வொன்றிலும் நான்கு பேர். நிமிடத்துக்கு 40 பேர், மணிக்கு 2,400 பேர். மெதுவான லிஃப்டானால் பயணம் 10 நிமிடம், வேகமானதானால் 5. ஆனால் இரண்டிலும் மணிக்கு மேலே போய்ச் சேர்கிறவர்கள் அதே 2,400 பேர்தான். வேகம் கூடும்போது நாற்காலிகளின் இடைவெளியும் 15 மீட்டரிலிருந்து 30 மீட்டராக விரிந்துவிடுகிறது. எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை நிர்ணயிப்பது எத்தனை விநாடிக்கு ஒரு நாற்காலி வருகிறது, அதில் எத்தனை பேர் உட்கார்கிறார்கள் என்ற இரண்டு மட்டும்தான்.

இப்போது அந்த மலையில் 800 பேர் சுற்றிச் சுற்றிச் சறுக்குகிறார்கள் என்போம். நிமிடத்துக்கு 40 பேர் வீதம் எல்லோரும் ஒருமுறை ஏற 20 நிமிடம் ஆகும். அதுதான் ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று. சறுக்கி இறங்க 6 நிமிடம். மெதுவான லிஃப்டில் உட்காருவது 10, வரிசையில் நிற்பது 4. வேகமான லிஃப்டில் உட்காருவது 5, வரிசையில் நிற்பது 9. சுற்று அதே இருபதுதான்.

கூட்ட நாளில் வேக லிஃப்ட் எனக்கு ஒரு சறுக்கலைக்கூடக் கூடுதலாகத் தருவதில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய ஐந்து நிமிடத்தை வாங்கிக்கொண்டு, முன்னால் நிற்பவரின் தோளைப் பார்த்து நிற்கும் ஐந்து நிமிடமாகத் திருப்பித் தருகிறது.

கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையில் கதை வேறு. வரிசையே இல்லை. 16 நிமிடச் சுற்று 11 ஆகிறது. அந்த ஐந்து நிமிடம் முழுதாக நமக்கே.

*

மெதுவானதன் மேல் எனக்கிருக்கும் பிரியம் கணக்கை மறைத்துவிடக் கூடாது. நாற்காலி ஓடி வந்து இடிக்கும் லிஃப்டில் குழந்தைகள் விழுவார்கள், புதியவர்கள் தடுமாறுவார்கள்; இயக்குபவர் வேகத்தைக் குறைப்பார், நிறுத்துவார். தாளில் மணிக்கு 2,400 என்று இருப்பது நிஜத்தில் குறைந்துவிடும். நிதானமாக உட்கார்கிற வசதியால் வேக லிஃப்ட் தாளில் உள்ள எண்ணை நெருங்கி ஓடுகிறது. அதன் பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். விநாடிக்கு 5 மீட்டர் என்ற பெருமைக்கு இது இரண்டாம் பட்சமல்ல.

குளிரும் இருக்கிறது. மேட்டில் எதிர்காற்று அடிக்கும் நாளில் பத்து நிமிடம் அசையாமல் தொங்குவது தியானமல்ல, தண்டனை. விரல்கள் முதலில் வலிக்கும், பிறகு வலிக்காமல் போகும். வலிக்காமல் போவதுதான் ஆபத்து. 2018-ல் மொன்டானாவின் பிக் ஸ்கையில் ராம்சார்ஜர் 8 வந்தது. வட அமெரிக்காவின் முதல் எட்டு இருக்கை லிஃப்ட். சூடான இருக்கை, தலைக்கு மேல் இறங்கி மூடும் நீலக் கவசம். உள்ளே காற்றில்லை, சத்தமில்லை. பனி நீலமாகத் தெரியும்.

எட்டுப் பேர் உட்காரும்போது மேலே சேர்கிற கூட்டமும் கூடுகிறது. வரிசை கரைகிறது. அந்த வரிசை சரிவுக்கு இடம் மாறியிருக்கிறது. காலையில் விழுந்த புதுப்பனி முற்பகலுக்குள் தடங்களால் கிழிந்துவிடும்.

*

வெர்மான்டில் மேட் ரிவர் க்ளென். அங்கே 1948-லிருந்து ஒற்றை நாற்காலி லிஃப்ட். ஒருவர் மட்டுமே உட்கார முடியும். 1995-லிருந்து அந்த மலை அங்கே சறுக்குகிறவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். லிஃப்ட் தேய்ந்து புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது, பெரியதாக ஒன்றைப் போட்டிருக்கலாம். உறுப்பினர்கள் ஒற்றை நாற்காலியே வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2007-ல் அதைப் புதுப்பித்துக் கொடுத்ததும் பிரெக்கன்ரிட்ஜில் வேகத்தைக் கொண்டுவந்த அதே டாப்பல்மேயர்தான்.

காரணம் பழமைப் பற்று மட்டுமல்ல. பாதைகள் குறுகலானவை, மரங்களுக்கு நடுவே வளைந்து இறங்குபவை. குறைவான பேர் ஏறினால்தான் அவை தாங்கும். லிஃப்டின் அளவை வைத்து மலையின் கூட்டத்தை அளந்து விடுகிறார்கள். இவ்வளவு தெளிவாக யோசித்த ஒரு முடிவை இந்தத் தொழிலில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

*

பேச்சைப் பற்றி ஒன்று. தனியாகப் போகிறவர்களுக்குத் தனி வரிசை உண்டு. "சிங்கிள்!" என்று கூப்பிட்டதும் யாரோ மூவரின் நான்காவது இருக்கையில் போய் உட்காருவோம். எல்லோர் முகத்திலும் கண்ணாடி, துணி; வயது தெரியாது. வேக லிஃப்டில் பேச்சு ஊர்ப்பெயரோடு முடிந்துவிடும். மெதுவானதில் மூன்றாவது கேள்விக்கு நேரமிருக்கும். அம்மாவின் அறுவை சிகிச்சை, விட்டுவிட்ட வேலை, இந்த வருடம் வராத நண்பர். கம்பத்தின் உருளைகளைக் கடக்கும்போது வடம் தடதடக்கும், பேச்சு நிற்கும். கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பேசாமல் வருகிறவர்களும் நல்ல துணைதான். லிஃப்ட் திடீரென நின்று நாற்காலி முன்னும் பின்னும் ஆடி அடங்கும்போது, கீழே பைன் கிளையிலிருந்து பனி சரிவது காதுக்குக் கேட்கும்.

*

ஒரு மலைக்கு லிஃப்ட் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால், அடிவாரத்தில், புதியவர்கள் ஏறும் சரிவில், வேக லிஃப்டைத்தான் போடுவேன். நடை வேகத்தில் உட்காரக் கிடைப்பது அவர்களுக்குப் பெரிய தைரியம். மேலே, பாதைகள் குறுகும் இடத்தில், பழையதை எடுக்க விடமாட்டேன்.

நீங்கள் போனால் வார நாளில் போகப் பாருங்கள். அன்று வேக லிஃப்டைத் தேடிப் போங்கள், அது கொடுக்கும் நிமிடம் உண்மையான லாபம். சனிக்கிழமைதான் முடியும் என்றால் பழைய லிஃப்டுக்கு நடங்கள். மெதுவானது என்று பலரும் அதை ஒதுக்குவதால் அங்கே வரிசையும் சிறியதாக இருக்கும். ஏறியதும் பாதுகாப்புக் கம்பியை இறக்கிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரின் தலையில் இடிக்காமல், சொல்லிவிட்டு இறக்குங்கள்.