தடுத்தலும் ஒழித்தலும்

இந்திய அரசியல் சட்டத்தின் 17-ஆவது ஷரத்து மிகச் சிறியது. எனினும் நம் போன்றோர் வாழ்வைத் தொட்ட வாக்கியம் அதனைக் காட்டிலும் பெரியது அச்சட்டத்தில் வேறில்லை. 1948-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அது நிறைவேறியது. 1950 ஜனவரி 26 முதல் நாட்டின் சட்டமாயிற்று. அதன் முதல் வாக்கியத்தில் இரண்டு வினைச்சொற்கள் உள்ளன. ஆங்கில மூலத்தில் முன்னது ‘அபாலிஷ்’, பின்னது ‘பர்பிட்’. முன்னதை ஒழித்தல் என்றும் பின்னதைத் தடுத்தல் என்றும் தமிழில் கூறலாம். ஆனால் மேடையேறிப் பேசுங்கால் நாம் இவ்விரண்டையும் ஒன்றாகவே கலந்துவிடுகின்றோம்.

ஆங்கிலச் சட்டப் பத்திரங்களில் ஒரே பொருளுடைய இரு சொற்களை இணைத்தெழுதும் வழக்கம் உண்டென்பது மெய்யே. இந்த ஷரத்தில் அவ்வழக்கம் இல்லை. இங்கு இரு வினைகளும் ஒரே பொருளின்மேல் நிற்கவில்லை. ஒழிக்கப்படுவது தீண்டாமை, தடுக்கப்படுவது தீண்டாமையைக் கைக்கொண்டு நடக்கும் நடத்தை. இவ்வேறுபாட்டை உணராவிடின், சட்டம் நமக்குத் தந்தது எது, தராதது எது என்பது விளங்காது. பகவன் புத்தரின் தம்மத்தை நாம் ஏற்றது எதன்பொருட்டு என்பதும் மங்கிப்போகும்.

கொலையைத் தடுக்கலாம், செய்தவனைத் தண்டிக்கலாம். கொலையை ஒழிப்பதாகப் பார்லிமெண்டு சட்டம் இயற்றினால் உலகம் நகைக்கும். ஜமீன்தாரி முறையையோ 1948-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் ஒழித்தது. அதன்பின் எவரும் ஜமீன்தாராக இருந்துவிடாதபடி காவலர் தெருத்தெருவாக நின்று பார்க்க வேண்டியதில்லை, இருக்கவே முடியாது. ஆகவே ‘அபாலிஷ்’ என்பது சட்டமோ வழக்கமோ உண்டாக்கி வைத்த பதவியை, உரிமையை, முறையை இல்லாததாக்குதல். ‘பர்பிட்’ என்பது மனிதன் கையால் செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாதே என ஆணையிடுதல். செய்யாதே என்னும்போதே, அது செய்யப்படக்கூடும் என்பதும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. தீண்டாமை ஒருவன் தலைமேல் பிறப்பிலேயே சுமத்தப்பட்ட தாழ்நிலையாகவும் இருந்தது. கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் நாள்தோறும் நிகழ்ந்த செய்கையாகவும் இருந்தது. ஆதலின் இரு வினைகள் வேண்டியதாயின.

ஒழித்தல் மட்டும் நிகழ்ந்து தடுத்தல் நிகழாதபோது நேர்வது யாது? இதற்கு நம் முன்னோர் வாழ்விலேயே சான்றுண்டு. 1833-இல் ஆங்கில நாட்டுப் பார்லிமெண்டு அடிமை முறையை ஒழித்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பரப்பும் இலங்கையும் அச்சட்டத்துக்குப் புறம்பாக விடப்பட்டன. இலங்கைக்கு 1844-இல் தனிச்சட்டம் வந்தது. இந்தியாவிலோ 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் வந்தது. அடிமை என்ற காரணத்தால் ஒருவர்மீது எழும் உரிமையை எந்தக் கோர்ட்டும் நிறைவேற்றித் தரலாகாது என்று அது கூறிற்று; வரிபாக்கிக்காக ஆளை விற்கலாகாது என்றும் கூறிற்று. ஆண்டானுக்கு நீதிமன்றத்தின் துணை நின்றது. அவன் அடிமையை வைத்திருப்பதோ குற்றமாகவில்லை. 1860-இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமே அதனைக் குற்றமாக்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளில், சட்டத்தின் கண்ணுக்கு அடிமை என்பவன் இல்லை. தஞ்சைப் பண்ணையிலும் மலையாள நாட்டு வயலிலும் அவன் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தான்.

இனி மைசூருக்கு வருவோம். அந்நகரில் அக்ரஹாரம் என்று பெயர் வழங்கும் பகுதி ஒன்று இன்றும் உண்டு. அக்ரஹாரம் என்பது பிராமணர்க்கு அரசர் மானியமாக விட்ட நிலமும் குடியிருப்பும்; பழைய சாசனங்களில் பிரமதேயம் எனக் காண்பதும் ஏறக்குறைய இதுவே. தனியார் இனாம்களை ஒழிக்கும் சட்டம் மைசூர் இராச்சியத்தில் 1954-இல் பிறந்தது. பரம்பரைக் கிராம உத்தியோகங்களை ஒழிக்கும் சட்டம் 1961-இல் தொடர்ந்தது. ஊர்த் தோட்டி வேலை முதலியன பிறப்பின் வழியே ஒருவன் தலையில் விழும் முறை அத்துடன் சட்டத்தில் முடிந்தது. மானிய உரிமை ஒழிந்தது. அக்ரஹாரம் என்னும் பெயர் நின்றது. பெயர் நிற்பதில் நமக்கு வழக்கில்லை. தெருவென்றால் ஏதேனும் ஒரு பெயர் வேண்டியதுதான். ஆனால் எந்த நகரமாயினும், வாடகை வீடு தேடிச் செல்பவனை “நீங்கள் எந்த ஆட்கள்?” என்று இன்முகத்துடன் வினவி, விடை கேட்டபின் “வீட்டை நேற்றே பேசி முடித்துவிட்டோம்” என்று அனுப்பிவிடும் வீட்டுக்காரர் இருக்கின்றார். அவர் பாராட்டும் உயர்வு சட்டத்தில் ஒழிந்துபோனது. அவர் செய்கை, 1955-இல் இயற்றப்பட்டு 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறிய சட்டத்தால் தடுக்கவும் பட்டது. இரு வினைகளும் தத்தம் வேலையைச் செய்து முடித்தபின்னும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்.

அந்த மைசூரின் உயர்நீதிமன்றம், 1958-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் பதிவாகியுள்ள ஒரு வழக்கில், இந்த ஷரத்தின் மேற்கோட் குறிகளை ஆராய்ந்தது. தீண்டாமை என்னும் சொல் ஷரத்தில் குறிகளுக்குள் அமைந்திருப்பதால், ஒருவரை ஒருவர் தீண்டாமல் ஒதுக்கும் எல்லாச் செய்கைகளையும் அது குறிக்காது. இந்நாட்டு வரலாற்றில் வளர்ந்து வந்த அந்த வழக்கத்தையே குறிக்கும் என்று நீதிமன்றம் கொண்டது. இத்தீர்ப்பில் குறைகாண நாம் முற்படவில்லை. அக்குறிகளுக்குள் அடங்கியது எத்துணைச் சிறிது என்பதைக் காட்டவே சொல்லுகின்றோம். தீண்டாமை சாதி மரத்தின் ஒரு கிளை. மரத்தை அந்த ஷரத்து ஒழிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. லாகூர்ச் சீர்திருத்த மாநாட்டுக்கென எழுதி, மாநாடே கைவிடப்பட்டதால் 1936-இல் டாக்டர் அம்பேத்கர் தாமே அச்சிட்டு வெளியிட்ட உரையின் தலைப்பில் இவ்விரு சொற்களும் இல்லை. ‘அனிஹிலேஷன்’ என்னும் மூன்றாவதொரு சொல்லை அவர் தெரிந்தெடுத்தார். இருந்த சுவடின்றி இல்லாமற் செய்தல் என்பது அதன் பொருள்.

அவ்வாறு இல்லாமற் செய்வது எங்ஙனம்? தீக நிகாயத்தின் கூடதந்த சூத்திரம் இதற்கு விடை தருகிறது. அக்கதை நிகழும் களமும் ஓர் அக்ரஹாரமே. மகத நாட்டுக் காணுமதம் என்னும் ஊர், பிம்பிசார மன்னன் கூடதந்தன் என்ற பிராமணனுக்குப் பிரமதேயமாக அளித்தது. அவன் பெருவேள்வி ஒன்றுக்கு ஆயத்தம் செய்து, காளை, எருது, கிடாரி, வெள்ளாடு, செம்மறிக்கடா என வகைக்கு எழுநூறாக வேள்வித் தூணருகே கொணர்வித்திருந்தான். வேள்வி நிறைவுறும் முறையை அறிய விரும்பி அவன் பகவானை அணுகினான். வேள்வி செய்யாதே என்று பகவான் சொல்லவில்லை. முன்னாளில் மகாவிஜிதன் என்றொரு அரசன் இருந்தான் எனக் கதை தொடங்கினார்.

அவ்வரசனும் வேள்வி செய்ய எண்ணினான். அவன் நாட்டிலோ கள்வர் மிகுந்து ஊர்கள் சூறையாடப்பட்டன. அவனுடைய புரோகிதன் கூறிய அறிவுரை இன்றைய மந்திரிமார் மேசைமேல் இருக்கத் தக்கது. கொன்றும் சிறையிட்டும் நாடு கடத்தியும் இத்தொல்லையைத் தீர்க்கலாம் எனக் கருதற்க. எஞ்சியோர் மீண்டும் வருத்துவர். உழவும் மந்தையும் தொழிலாகக் கொண்டோர்க்கு விதையும் தீவனமும் கொடு. வாணிகர்க்கு முதல் கொடு. ஏவல் செய்வோர்க்கு உணவும் கூலியும் கொடு. அவரவர் தொழிலில் அவரவர் ஈடுபடுங்கால் நாட்டைச் சூறையாட ஆள் இராது. அரசன் அவ்வாறே செய்தான். மக்கள் கதவு தாழிடாத வீடுகளில் குழந்தைகளைக் கொஞ்சி வாழ்ந்தனர். வேர் பறித்தல் என்ற பொருளுள்ள பாலிச் சொல்லையே சூத்திரம் இவ்விடத்தில் ஆள்கிறது. சிறை களவைத் தடுக்கும். விதைநெல் களவின் வேரைப் பறிக்கும். கதை கேட்ட கூடதந்தன் தானே எழுந்து மூவாயிரத்தைந்நூறு உயிர்களையும் அவிழ்த்து விட்டான்.

மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரனை இங்கு நினையாதிருத்தல் இயலாது. அவனும் பார்ப்பனர் ஊரில் வளர்ந்தவன். வேள்விக்கெனக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்து நடத்திச் சென்று, அடியுண்டு, ஊரைவிட்டுத் துரத்தப்பட்டான். பசு பிழைத்தது, வேள்வி அவ்வூரில் நின்றுவிடவில்லை. இதனால் அவன் செய்கை சிறிதெனக் கொள்வார் உளராயின் அவரோடு நாம் உடன்படோம். அன்றிரவு கட்டப்பட்டிருந்த பசுவுக்கு, வேர் பறியும் காலம்வரை காத்திருக்கப் பொழுதில்லை. ஆதலின் தடுத்தலைப் பழிப்பது நம் கருத்தன்று. சட்டமும் காவலும் வேண்டும்; அவை அந்தந்த இரவுக்கு வேண்டும்.

விதைநெல் இல்லாத தடை எவ்வாறு நொண்டும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று கூறுவோம். மனித மலத்தை மனிதன் கையால் அள்ளும் வேலைக்கு ஆளமர்த்துவதையும், எடுப்புக் கக்கூசு கட்டுவதையும் தடுக்கும் சட்டம் 1993-இல் வந்தது. வேலை நிற்கவில்லை. இருபது ஆண்டு கழித்து 2013-இல் மறுபடியும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று; அதன் பெயரிலேயே தடையுடன் மறுவாழ்வு என்பதும் சேர்க்கப்பட்டது. அதன் பின்னும் பாதாளச் சாக்கடையில் இறங்கியோர் மாண்டனர். மாண்டோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தருமாறு 2014-இல் உச்சநீதிமன்றம் பணித்தது. 2023-இல் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. கொத்தடிமை முறை பற்றிய 1976-ஆம் ஆண்டுச் சட்டமோ சற்று ஆழமாகத் தோண்டியது. முறையை ஒழித்தது, மீறுவோர்க்குத் தண்டனை விதித்தது, அத்துடன் பிணைத்து வைத்திருந்த கடனையே செல்லாததாக்கியது. கடன்தானே அங்கு கயிறு.

தம்ம நூல்கள் இவ்வேறுபாட்டை மனத்தினுள்ளும் காண்கின்றன. விசுத்தி மார்க்கம் இயற்றிய புத்தகோசர், தீய எண்ணங்களைக் கைவிடும் வகைகளை உவமையால் விளக்குகின்றார். பாசி படர்ந்த நீரில் ஒரு குடத்தை வைத்தால் பாசி ஒதுங்கி நிற்கும். தியானத்தால் அமுக்கி வைக்கப்பட்ட தீமை அத்தகையது. குடத்தை எடுத்தால் பாசி திரும்பக் கூடும் என்பது குளத்தங்கரையில் வளர்ந்த எவர்க்கும் தெரியும். அரிய மார்க்கத்தால் அறுபட்ட தீமையோ இடிவிழுந்த மரத்தை ஒத்தது. மணிமேகலையின் முடிவில் பன்னிரு சார்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோவதைச் சொல்லுமிடத்தில், ஆசிரியர் தடுத்தல், ஒழித்தல் இரண்டையும் விடுத்து, மீளுதல் என்னும் வினையை ஆளுகின்றார். பேதைமை மீண்டால் அதனைச் சார்ந்த செய்கையும் மீளும். ஈண்டு ஆணையிடுவார் ஒருவருமில்லை. காரணம் போனதால் காரியம் போகின்றது. இத்துணை நுட்பமான சொல் நம் மொழியிலேயே கிடக்க, ஆங்கிலச் சொற்களுக்கு நாம் பொருள் தேடிக்கொண்டிருக்கின்றோம்!

பஞ்சசீலத்தின் ‘வேரமணி’ என்ற சொல்லையும் இத்துடன் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழில் விலக்குதல் வேறு, விலகுதல் வேறு. மதுவிலக்கு அரசாங்கம் செய்வது. வேரமணி என்பது விலகுதல், அவனவன் தானே செய்வது. கொல்லாதே, திருடாதே என்று எவரும் நமக்குக் கட்டளையிடவில்லை. விலகி நிற்கும் பயிற்சியை மேற்கொள்கின்றேன் என்று நாமே நம் வாயால் கூறுகின்றோம். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் தம்மைப் பின்பற்றினோர்க்கு அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளும் தன்மையிடத்தில் அமைந்தவையே.

இந்நிலையில் நம் குடும்பங்களை நோக்குவோம். திருமணப் பேச்சு எழும்போது, இரு வீட்டாரும் திரிசரணம் கூறியவராக இருந்தும், “பையன் வீட்டார் எந்தப் பிரிவு?” என்னும் விசாரணை அடுப்பங்கரையில் மெல்லிய குரலில் நடப்பதை அன்பர்கள் அறிவர். நம்மவர் சிலர் இதற்கொரு சமாதானம் சொல்லுகின்றனர்: அரசாங்கச் சான்றிதழில் சாதிப் பெயரை எழுதத்தானே வேண்டியிருக்கிறது என்பர். அட்டவணைச் சாதியார்க்குரிய உரிமை பௌத்தரானவர்க்கும் உண்டு என 1990-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதனைப் பெறச் சாதியைக் குறிப்பிட்டாக வேண்டும் என்பதும் உண்மை. ஆயினும் மருத்துவர் சீட்டில் நோயின் பெயர் எழுதியிருப்பது மருந்து வாங்குதற்பொருட்டு. அச்சீட்டை எடுத்துக்கொண்டு, அதே நோய் உள்ள வீடாகப் பார்த்துப் பெண் கொடுப்பாரை எங்கேனும் கண்டதுண்டோ?

பிள்ளைகள் முன் சாதிப் பெயரைப் பேசலாகாது என்று கட்டுப்பாடு வைத்துள்ள வீடுகள் உண்டு. நல்ல கட்டுப்பாடு, அது குடம் வைத்த குளம். அவ்வீட்டுப் பெண்ணுக்கு வேற்றுப் பிரிவுப் பௌத்த இளைஞன் ஒருவனைப் பற்றிச் சங்கத்தார் வந்து சொல்லும் நாளில், தாய் முதலில் கேட்கும் கேள்வி அவன் படிப்பும் குணமும் பற்றியதாக இருக்குமாயின், அங்கே பாசி இல்லை. வேறு கேள்வியாக இருக்குமாயின் குடத்தை இன்னும் எடுக்கலாகாது. அவ்வீட்டாருடன் சங்கத்தார் பன்முறை அமர்ந்து பேச வேண்டும். ஒரு பௌர்ணமிக் கூட்டத்தில் நிறைவேற்றும் தீர்மானத்தால் அது முடியாது. தீர்மானத்தில் நாம் எழுதக்கூடியவை அந்த இரண்டு வினைச்சொற்கள் மட்டுமே.