விழித்த எலியும் மெய்யறிவும்

அறிவு தேடுவார்க்குப் பிறவுயிரை எவ்வாறும் நடத்துதற்கு உரிமையுண்டோ என்னும் வினா பழையது. எலி, சுண்டெலி என்னுங் கொறிவிலங்குகளை மயக்காது, விழித்த நிலையிலேயே காந்தக் கருவியினுள் வைத்து மூளையின் தொழிற்பாட்டைப் படமெடுக்கும் முறை அவ்வினாவை மீள எழுப்புதலின், அதனை ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

மூளையின் ஒரு பகுதி தொழிற்படுங்கால் அப்பகுதிக்குக் குருதி மிகுந்து பாயும். பிராணவாயுவை இழந்த குருதிக்கும் இழவாத குருதிக்கும் காந்தத் தன்மை வேறாதலின், அவ்வேறுபாடு படத்திற் புலனாம். இதனை 1990ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே பெல் ஆய்வுசாலையில், செய்ஜி ஒகாவா என்பவரும் உடனாய்ந்தாரும் மயக்கப்பட்ட எலிகளின் மூளையிற் காட்டினர். பின்னர் இம்முறை மனிதர்க்கும் வந்தது. மனிதர் அசையாதிரும் என்றால் இருப்பர்; பொறுக்கலாற்றாராயின் எழுந்து போவர். எலிக்கு இவ்விரண்டும் இல்லை. ஆதலின் அதனை மயக்கிப் படமெடுத்தலே பெருவழக்காயிற்று.

மயங்கிய விலங்கு அஞ்சாது. ஆயின் அங்கே காணப்படுவது இயல்பான மூளையுமன்று. ஐசோஃபுளூரேன் என்னும் மயக்கமருந்து குருதிக் குழாய்களை விரிக்கும். நரம்பின் தொழிலையுந் தாழ்த்தும். குருதியோட்டங் கொண்டு தொழிலை அளப்பார்க்கு இதனால் அளவுகோலே வளைந்து விடுகின்றது. சாக்கிரத்தை அறியவேண்டிச் சுழுத்தியை ஆராய்தல் போலும் இது என்று நம்மவர் நகைப்பர். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த பெருமுயற்சியொன்றில், 46 நிலையங்களின் 65 எலிப்படத் தொகுதிகளை ஒருங்கு வைத்து நோக்கி, பொதுமுறையொன்று வகுத்து, 20 நிலையங்களிற் சோதித்தனர். அப்பொதுமுறையும் மயக்கமுறையே. விழித்த எலியைப் பிணிக்கும் விதமும் பழக்கும் நாளுமோ ஆய்வுசாலைதோறும் வேறுபடுகின்றன.

அப்பழக்கம் எத்தகையது? சத்திரசிகிச்சையால் மண்டையோட்டின்மேற் சிறு தண்டொன்று பதித்து, அதனைத் தாங்கியிற் பூட்டித் தலையை அசையாது நிறுத்துதல் பலரது வழக்கம். படமெடுக்குங்காற் கருவியின் ஓசை 100 டெசிபெல்லையுங் கடக்கும். ஆதலின் முன்னரே போலிக் கருவியொன்றிலிட்டு, பதிவுசெய்த அவ்வோசையைக் கேட்பித்து, முதனாளிற் சில நிமிடமும் பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டியும் பல நாட் பழக்குவர். அச்சந் தணிந்ததோ என்பதை மூச்சின் வேகத்தாலும், கோர்ட்டிகோஸ்டிரோன் என்னுஞ் சுரப்புநீரின் அளவாலும் பார்ப்பர்.

அஞ்சிய விலங்கின் மூளையில் அச்சமும் உடன் அளக்கப்படும். ஆதலின் விலங்கின் நலமும் ஆய்வின் மெய்ம்மையும் ஒருவழிப்படுகின்றன என்பர் இம்முறையார். இவ்வாதம் வலியுடையதே, யாம் அதனை இகழேம். ஆயினும் அஃது எதுவரை செல்லும்? சத்திரசிகிச்சையின் நோவு படமெடுக்கும் நாளுக்கு முன்னரே ஆறிவிடுமாயின் அளவு பழுதுபடாது. அளவைப் பழுதாக்காத துன்பத்தைத் தடுத்தற்கு அவ்வாதத்தில் இடமில்லை. அளவின் பொருட்டுக் காட்டும் இரக்கம் அளவு நின்றவிடத்தே நின்றுவிடும். அன்றியும் அசையாமை உடன்பாடாகாது. போராடிப் பயனில்லையெனக் கண்ட உயிரும் அடங்கிக் கிடக்கும். புறத்தடக்கத்தை மாத்திரங் கண்டு பழகிற்றென்பாரை யாம் ஒப்பேம். சுரப்புநீரையும் அளப்பாரை அத்துணை மதிப்பேம்.

1959ஆம் ஆண்டில் வில்லியம் றசல், றெக்ஸ் பேர்ச் என்னும் இருவர், விலங்கிற்கு மாற்று நாடுதல், தொகையைக் குறைத்தல், துன்பந் தணியும்படி முறையைத் திருத்துதல் என மூன்றை வகுத்தனர். ஒரே எலியைப் பன்முறை படமெடுத்து நோயின் போக்கை அறியலாமாதலின், படிதோறும் வேறு வேறு எலியைக் கொல்லுதல் ஒழியும் என்பது இம்முறையின் மெய்யான பேறு. அற்றேல், தொகை குறையக் குறைய எஞ்சிய ஒன்றன்மேற் சுமை ஏறுமன்றோ? பத்து எலி ஒவ்வொருமுறை பிணிபடுதலும் ஓரெலி பத்துமுறை பிணிபடுதலும் கணக்கில் ஒன்றாயினும், அவ்வோரெலிக்கு ஒன்றல்ல. ஆதலின் எத்தனை எலி என்று எழுதுவோர், ஒவ்வொன்றும் எத்தனை நாழிகை பிணிபட்டதென்பதையும் எழுதுதல் வேண்டும். பழக்கத்திற்கு அமையாது விலக்கப்பட்டவை எத்தனை, அவை பின் யாதாயின என்பவற்றையும் அதனருகே எழுதுதல் வேண்டும்.